பழைய அம்பாசடரின் பின் ஆக்ஸில்: பிரித்துக் கட்டலாமா, மாற்றிவிடலாமா?

பழைய அம்பாசடரை எடுத்துத் திருத்தும் டெல்டாக்காரர்கள் பலர் கடைசியில் ஒரே இடத்தில் வந்து நின்றுவிடுகிறார்கள். எஞ்சின் வேலை முடிந்திருக்கும், பாடிக்குத் தகரம் ஒட்டி பெயின்டும் அடித்தாயிற்று. சாலையில் இறக்கி ஐம்பதைத் தொட்டால் பின்னாலிருந்து ஊளைச் சத்தம். ஒரு மெக்கானிக் "கிரவுன் போச்சுண்ணே, ஆக்ஸிலையே மாத்திடுங்க" என்பார். இன்னொருவர் "பேரிங் போட்டுக் கட்டினா சரியாயிடும்" என்பார். மூன்றாமவர் "பழசோட எதுக்குப் போராடணும், ஜீப் ஆக்ஸில் ஏத்திடலாம்" என்பார். மூன்று பேர் சொல்வதும் நடக்கக்கூடிய வேலைதான். உங்கள் வண்டிக்கு எது பொருந்தும் என்பதை மட்டும், ஆக்ஸிலைத் திறந்து பார்க்காமல் முடிவு செய்யாதீர்கள்.

திறந்து பார்ப்பது அம்பாசடரில் பெரிய வேலை இல்லை. மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் சீரிஸை அடிப்படையாக வைத்து, 1950களின் கடைசியிலிருந்து 2014 வரை உத்தரபாராவில் செய்யப்பட்ட வண்டி இது. பின்னால் இருப்பது இரண்டு ஸ்பிரிங் பட்டைகளின் மேல் உட்கார்ந்த ஒரே துண்டு ஆக்ஸில். நடுவில் உப்பிய ஹவுசிங்கின் (வெளிக்கூட்டின்) முன்பக்கம், கிரவுன் என்ற பெரிய பல்சக்கரத்தையும் அதைச் சுற்றும் பினியன் என்ற சின்னப் பல்சக்கரத்தையும் தாங்கும் டிஃபரன்ஷியல் கேரியர் போல்ட் போட்டு மாட்டியிருக்கிறது. டிரம்மைக் கழற்றி இரண்டு பக்க ஷாஃப்டையும் வெளியே உருவிவிட்டு, கியர்பாக்ஸிலிருந்து பின்னால் வரும் புரொப்பெல்லர் ஷாஃப்டைப் பிரித்தால், ஹவுசிங்கை வண்டியிலேயே விட்டுவிட்டு கேரியரை மட்டும் முன்பக்கமாக இழுத்து எடுத்துவிடலாம். "ஆக்ஸில் மாற்று" என்று யாராவது சொன்னால், முழு ஆக்ஸிலைச் சொல்கிறாரா, கேரியரை மட்டும் சொல்கிறாரா என்று முதலில் கேளுங்கள். செலவிலும் வேலையிலும் இரண்டுக்கும் நிறைய தூரம்.

பிரீமியர் பத்மினி வைத்திருப்பவர்களுக்கும் இதே யோசனை பொருந்தும், சாமான்கள்தான் வேறு. சென்னையில் செய்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கட்டுரை உதவாது. அதன் பின்சக்கரங்கள் தனித்தனியாக ஆடும் ஸ்விங் ஆக்ஸில், அது வேறு கணக்கு.

## எதையெல்லாம் வைத்து எடை போடுவது

முதலாவது, உண்மையில் தேய்ந்திருப்பது எது? கிரவுன் பினியன் பல்லா, பேரிங்கா, சீலா? இரண்டாவது, ஹவுசிங் நேராக இருக்கிறதா? மூன்றாவது, பல் விகிதம், அதாவது கிரவுன் பல் எண்ணிக்கையைப் பினியன் பல் எண்ணிக்கையால் வகுத்தது; எது வேண்டும் என்பது நீங்கள் எந்தச் சாலையில் எவ்வளவு சுமையோடு ஓட்டுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. நான்காவது, ஆக்ஸிலோடு சேர்ந்த மற்றதெல்லாம்: பிரேக், ஹேண்ட் பிரேக் கேபிள், வீல் போல்ட், புரொப்பெல்லர் ஷாஃப்ட். ஐந்தாவது, ஆர்.சி. புத்தகமும் இன்ஷூரன்ஸும். ஆறாவது, வேலையைச் செய்யப் போகிறவர் யார் என்பது. என்னைக் கேட்டால் முதலாவதும் ஆறாவதும்தான் பாதி முடிவைத் தீர்மானிக்கின்றன. பலரும் விலையிலிருந்து ஆரம்பிக்கிறார்கள். அது இந்த ஆறுக்கும் பதில் கிடைத்த பிறகு பார்க்க வேண்டியது.

## கழற்றும்போது கவனிக்க வேண்டியவை

சத்தத்தில் ஆரம்பிப்போம். ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போது மட்டும் ஊளை கேட்டால் கிரவுனும் பினியனும் கடிக்கும் இடத்தில் கோளாறு என்று சந்தேகிக்கலாம். காலை எடுத்ததும் ஊளை வந்தால் பினியன் பேரிங் தளர்ந்திருக்க வாய்ப்பு அதிகம். மிதித்தாலும் விட்டாலும் ஒரே மாதிரி உறுமல், வளைவில் திரும்பும்போது கூடிக் குறைகிறது என்றால் ஹப் பேரிங்கைப் பாருங்கள். கிளட்சை விடும்போது 'டொக்' என்று தட்டினால் புரொப்பெல்லர் ஷாஃப்டின் கிராஸ் ஜாயின்ட், ஷாஃப்ட் முனையின் வரிப்பல்லான ஸ்ப்லைன், ஆக்ஸிலை ஸ்பிரிங் பட்டையோடு கட்டும் யு போல்ட் தளர்ந்தது என்று பல இடம் உண்டு. அதற்கும் கிரவுனுக்கும் சம்பந்தமே இல்லாமல் போகலாம். இதற்கெல்லாம் முன்னால் டயரைச் சந்தேகப்படுங்கள். தார்ச் சாலையிலிருந்து சிமென்ட் சாலைக்கு ஏறியதும் சத்தத்தின் குணம் மாறினால் அது டயர்.

அடுத்தது ஆயில். வடிகால் பிளக்கைத் திறக்கும்போது சுத்தமான வெள்ளைத் தட்டைக் கீழே வையுங்கள். கறுப்பாக, கெட்டியாக வந்தால் அது வயசு, பயமில்லை. பால் கலந்த காபி நிறத்தில் வந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. தட்டில் ஒரு காந்தத்தை ஓட்டிப் பாருங்கள். மைபோல ஒட்டும் நைசான பொடி சகஜம்தான். நகத்தில் தட்டுப்படும் சில்லு கிடைத்தால் பல்லோ பேரிங்கோ உடைந்திருக்கிறது.

நம் பக்கத்தில் தண்ணீர்தான் பெரிய எதிரி. ஐப்பசி, கார்த்திகை மழையில் வயலும் சாலையும் ஒரே மட்டமாகிவிடும். ஓடிச் சூடான ஆக்ஸில் தேங்கிய தண்ணீரில் இறங்கியதும் உள்ளே இருக்கும் காற்று குளிர்ந்து சுருங்குகிறது. ஹவுசிங்கின் மேலிருக்கும் பிரீதர் (காற்றுப் போகும் துளை) சேறு அடைத்துக் கிடந்தால், அந்த உறிஞ்சல் சீல் வழியாகத் தண்ணீரை உள்ளே இழுத்துக்கொள்ளும். வண்டியைப் பிறகு மாதக்கணக்கில் கொட்டகையில் நிறுத்திவிட்டால் தண்ணீர் ஆயிலுக்கு அடியில் தங்கிவிடும். அந்த மட்டத்தில் நிற்கும் கிரவுன் பல்லிலும் பேரிங் உருளையிலும் துருப்புள்ளி விழும். ஓடாமலே கெட்டுப்போன ஆக்ஸில்கள் டெல்டாவில் நிறைய. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் தண்ணீரில் நின்ற வண்டி என்றால், அதன் ஆக்ஸிலைத் திறக்காமல் வாங்கவே கூடாது.

இன்னொன்று வைக்கோல். அறுப்புக் காலத்தில் சாலையில் காயும் நெல்லையும் தாளையும் தாண்டிப் போகும்போது பினியன் ஃப்ளாஞ்சில் சுற்றிக்கொள்ளும். அது சீலின் உதட்டை அறுத்துவிடும். அங்கே ஆயில் ஒழுகினால் சீலை மாற்றுவதற்கு முன் சுற்றியிருப்பதை வெட்டி எடுத்துப் பாருங்கள்.

கேரியர் கையில் வந்த பிறகு கிரவுன் வீலைத் துடைத்து வெளிச்சத்தில் ஒவ்வொரு பல்லாகப் பாருங்கள். ஒரே மாதிரி மின்னும் பட்டை பல்லின் நடுவில் தெரிந்தால் நல்லது. ஓரம் பொரிந்திருந்தாலோ, குழி விழுந்திருந்தாலோ, பல்லின் மேல் விளிம்பு கத்திபோல் கூராகியிருந்தாலோ அந்த ஜோடி முடிந்தது. விரல் நகத்தைப் பல்லின் குறுக்கே இழுத்தால் கண்ணுக்குப் படாத குழிகூடத் தட்டுப்படும்.

ஹவுசிங் நேராக இருக்கிறதா என்பதைக் கழற்றுவதற்கு முன்பே டேப் வைத்துச் சோதிக்கலாம். பின்சக்கர ரிம்முக்கு ரிம், முன்பக்கம் ஒரு அளவு, பின்பக்கம் ஒரு அளவு எடுங்கள். ரிம் நெளிவு ஏமாற்றாமலிருக்க ஒரு புள்ளியைக் குறித்துக்கொண்டு, சக்கரத்தைப் பாதி சுற்றி அதே புள்ளியில் அளக்க வேண்டும். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். டிக்கியில் நெல் மூட்டையும் உள்ளே கல்யாணக் கூட்டமும் ஏற்றிப் பல வருஷம் ஓடிய வண்டிகளில் ஹவுசிங் வளைந்திருப்பது உண்டு.

## முதல் வழி: இருப்பதைப் பிரித்துக் கட்டுவது

பல் நன்றாக இருந்து, ஹவுசிங்கும் நேராக இருந்தால் இதுதான் சரியான வழி என்பது என் கருத்து. பினியனின் இரண்டு பேரிங், டிஃபரன்ஷியலின் இரண்டு பக்க பேரிங், ஹப் பேரிங்குகள், எல்லா சீல், பேக்கிங், உள்ளே சின்ன கியர்களுக்குப் பின்னாலிருக்கும் த்ரஸ்ட் வாஷர்கள், இவ்வளவுதான் மாற்ற வேண்டியது. பேரிங் மேல் பொறித்த எண்ணைக் குறித்துக்கொண்டு போனால் திருச்சியிலோ தஞ்சாவூரிலோ பேரிங் கடையில் கேட்டுப் பார்க்கலாம். போலி நிறைய சுற்றுகிறது, பில் தருகிற கடையில் வாங்குங்கள்.

சாமானைவிட முக்கியம் செட்டிங். பினியன் எவ்வளவு உள்ளே நிற்க வேண்டும், அதன் பேரிங்குக்கு எவ்வளவு இறுக்கம், கிரவுனுக்கும் பினியனுக்கும் நடுவே எவ்வளவு பேக்லாஷ் (பல்லுக்கும் பல்லுக்கும் இடையிலான ஆட்டம்), இந்த மூன்றும் ஷிம் என்ற மெல்லிய தகடு வைத்து அமைவது. பி.எம்.சி. (மோரிஸ் வண்டிகளைச் செய்த பிரிட்டிஷ் கம்பெனி) வகை ஆக்ஸில்களில் பேக்லாஷ் சாதாரணமாக அங்குலத்தில் ஆயிரத்தில் 5 முதல் 7 பங்கு, அதாவது 0.13 முதல் 0.18 மில்லிமீட்டர். கிரவுன் வீலிலேயே அளவு பொறித்திருந்தால் அதுதான் கணக்கு. இந்த ஆட்டத்தை அளக்கும் டயல் கேஜ் இல்லாமல் "கையில ஆட்டிப் பார்த்தா தெரியும்" என்பவரிடம் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள்.

கட்டிய பிறகு அந்த இடத்திலேயே நின்று ஒரு சோதனையைப் பாருங்கள். மெக்கானிக் கிரவுன் வீலின் ஏழெட்டுப் பல்லில் நீல மார்க்கிங் பேஸ்டை மெல்லிசாகத் தடவுவார். கிரவுனைக் கட்டையால் லேசாகத் தடுத்துக்கொண்டு பினியனைச் சுற்றினால், பேஸ்ட் வழிக்கப்பட்ட இடத்தில் நீள்வட்டமாக ஒரு தடம் விழும். தடம் பல்லின் நடுவில், கொஞ்சம் உட்பக்க முனையை ஒட்டி இருந்தால் சரி. பல்லின் அடியில் விழுந்தால் பினியன் அதிகமாக உள்ளே போயிருக்கிறது, உச்சியில் விழுந்தால் போதுமான அளவு உள்ளே போகவில்லை. இரண்டிலும் மறுபடி பிரித்து ஷிம் மாற்றத்தான் வேண்டும். இதைச் செய்து காட்டுகிறவர் கட்டிய ஆக்ஸில் ஊளையிடாது.

ஆளைத் தேடும்போது டிராக்டர் வேலை பார்ப்பவர்களை விட்டுவிடாதீர்கள். மன்னார்குடி, பாபநாசம், பட்டுக்கோட்டை என்று எல்லா ஊரிலும் டிராக்டர் டிஃபரன்ஷியலைப் பிரித்துக் கட்டுபவர் ஒருவர் இருப்பார். ஷிம்மையும் பேக்லாஷையும் தினமும் தொடுகிற கை அது. கார் மெக்கானிக் என்று போர்டு மட்டும் வைத்திருப்பவரைவிட அவரிடம் போகலாம்.

மறைந்திருக்கும் செலவு மூன்று இடத்தில் வரும். ஹப் சீல் உட்காரும் இடத்திலும் பினியன் ஃப்ளாஞ்சிலும் பள்ளம் விழுந்திருந்தால் புது சீலும் ஒழுகும். லேத்தில் கொடுத்து மெல்லிய ஸ்லீவ் போட வேண்டியிருக்கும். ஹவுசிங் குழாயில் ஹப் பேரிங் சுழன்று தேய்த்திருந்தால் அந்த இடத்தை வெல்டிங்கில் நிரப்பிக் கடைய வேண்டும். அதைச் சுமாராகச் செய்தால் குழாய் வளையும். மூன்றாவது பிரேக். ஒழுகிய ஆயில் ஷூவை நனைத்திருக்கும், அதைப் பெட்ரோலில் கழுவிக் காயவைத்து மறுபடி போடுவது ஆபத்து. ஷூவையும் வீல் சிலிண்டர் வாஷரையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பல் போன நிலையில் புதிய கிரவுன் பினியன் வாங்கிக் கட்டுவதும் இதே வழிதான். ஆனால் இரண்டும் ஒன்றாகத் தேய்த்துப் பொருத்திய ஜோடியாக, ஒரே ஜோடி எண் பொறித்ததாக இருக்க வேண்டும். இங்கே ஒன்று அங்கே ஒன்று என்று சேர்த்தால் எந்த ஷிம்மும் காப்பாற்றாது.

## இரண்டாவது வழி: இன்னொரு அம்பாசடரிலிருந்து

பல் போய்விட்டது, புது ஜோடியும் கிடைக்கவில்லை என்றால் இதுதான் நடைமுறை. டாக்ஸியாக ஓடி உடைப்புக்குப் போன அம்பாசடர்களின் சாமான் இன்னும் புழக்கத்தில் இருக்கிறது. சென்னை புதுப்பேட்டை எல்லோருக்கும் தெரிந்த இடம். உங்கள் ஹவுசிங் நேராக இருந்தால் கேரியரை மட்டும் வாங்குங்கள். பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு வந்துவிடலாம், பிரேக்கைத் தொட வேண்டாம், ஸ்பிரிங்கைத் தொட வேண்டாம். ஹவுசிங் வளைந்திருந்தாலோ அடியில் துரு தின்றிருந்தாலோதான் முழு ஆக்ஸில் தேவை.

வாங்கும் இடத்தில் ஃப்ளாஞ்சைக் கையால் சுற்றிப் பாருங்கள். கரகரப்பு இல்லாமல் ஓட வேண்டும். மேலும் கீழும் ஆட்டினால் ஆட்டம் தெரியக் கூடாது. ஷாஃப்டின் ஸ்ப்லைன் எண்ணிக்கை உங்களுடையதோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்க, பழைய ஷாஃப்ட் ஒன்றைக் கையோடு எடுத்துப் போங்கள். அங்கேயே சொருகிப் பார்த்துவிடலாம்.

அப்புறம் பல்லை எண்ணுங்கள். "மார்க் 3 ஆக்ஸில்", "இசுசு ஆக்ஸில்" என்ற பெயரை நம்பி வாங்க வேண்டாம். இத்தனை வருஷத்தில் எது எதில் ஏறியிருக்கும் என்று யாருக்கும் தெரியாது. பி.எம்.சி. குடும்பத்து ஆக்ஸில்களில் வந்த மூன்று ஜோடிகளை வைத்து ஒரு கணக்கு போட்டுத் தருகிறேன். சக்கரம் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 2.05 மீட்டர் ஓடுவதாகவும், நான்காவது கியர் நேரடியாகவும் வைத்துக்கொண்ட கணக்கு இது. கடைசிக் கட்டம், 8/39க்கு அமைந்த பழைய மீட்டர் என்ன காட்டும் என்பது.

| பினியன் / கிரவுன் பல் | விகிதம் | 80 கி.மீ. வேகத்தில் எஞ்சின் சுற்று (நிமிடத்துக்கு) | அப்போது மீட்டர் காட்டுவது |
|---|---|---|---|
| 8 / 39 | 4.875 | சுமார் 3170 | 80 |
| 9 / 41 | 4.556 | சுமார் 2960 | சுமார் 75 |
| 10 / 43 | 4.3 | சுமார் 2800 | சுமார் 71 |

மீட்டர் கேபிள் கியர்பாக்ஸிலிருந்து போவதால், விகிதம் இப்படிக் குறைந்தால் மீட்டர் குறைத்துக் காட்டும். 70 என்று நினைத்து 80-ல் போவீர்கள். கேரியர் மாற்றுபவர் இதைச் சொல்ல மாட்டார், நீங்கள்தான் நினைவில் வைத்திருக்க வேண்டும்.

எந்த விகிதம் நல்லது? 1489 சி.சி. பழைய பெட்ரோல் எஞ்சினோடு, நீடாமங்கலம், மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி என்று உள்சாலைகளில் ஐம்பது அறுபதில் போகிறவருக்கு 8/39 நன்றாகவே ஒத்துப்போகும். டெல்டாவில் மேடு என்றால் ஆற்றுப் பாலம்தான். குறுகிய திருப்பத்தில் வேகம் குறைந்து, ஐந்து பேரோடு வெண்ணாற்றுப் பாலத்தில் ஏறும்போது 8/39 வண்டி கியர் குறைக்காமல் ஏறிவிடும். திருச்சி – தஞ்சாவூர் நான்குவழிச் சாலையில் அடிக்கடி போகிறவருக்கு 10/43 எஞ்சினின் மூச்சு வாங்கலைக் குறைக்கும், பெட்ரோலும் கொஞ்சம் மிச்சமாகும். எஞ்சின் வலுவாக இல்லாவிட்டால் அந்த லாபம் பாலம் பாலமாகக் கியர் குறைப்பதில் போய்விடும்.

இந்த வழியில் மறைந்திருக்கும் செலவு, வாங்கிய ஆக்ஸிலின் வரலாறு தெரியாது என்பதுதான். முழு ஆக்ஸில் வாங்கினால் குறைந்தபட்சம் சீல்களையும் ஹப் பேரிங்கையும் மாற்றியே ஏற்றுங்கள். வண்டிக்கு அடியில் மாட்டிய பிறகு மாற்றினால் அதே கூலி மறுபடி. பழைய ஆக்ஸிலைக் காயலான் கடைக்குப் போடாதீர்கள். ஷாஃப்ட், ஹப், நேரான ஹவுசிங் எல்லாம் பின்னால் உதவும்.

## மூன்றாவது வழி: வேறு வண்டியின் ஆக்ஸில்

இது பேச்சில் சுலபம், பட்டறையில் நீளும். அகலம் ஒத்துப்போக வேண்டும், இல்லையென்றால் டயர் மட்கார்டில் உரசும். ஸ்பிரிங் பட்டை உட்காரும் மேடைகளை வெட்டி எடுத்து வேறு இடத்தில் வெல்டிங் வைக்க வேண்டும். அந்தச் சூட்டில் குழாய் வளையாமல் பார்க்க வேண்டும், பினியன் சாய்வுக் கோணமும் சரியாக நிற்க வேண்டும். புரொப்பெல்லர் ஷாஃப்டை வெட்டி ஒட்டி பேலன்ஸ் செய்ய வேண்டும். நான்கு சக்கர இழுவை ஜீப்புகள் பலவற்றில் டிஃபரன்ஷியல் நடுவில் இருக்காது, டிரான்ஸ்ஃபர் கேஸுக்கு நேராக ஒரு பக்கம் ஒதுங்கியிருக்கும். அம்பாசடரின் நடு ஷாஃப்டுக்கு அது நேராக வராது. ஒரே கம்பெனியின் கான்டெசாவிலிருந்து எடுக்கலாமே என்பவர்களுக்கு: அதன் பின்னால் சுருள் ஸ்பிரிங்கும் இணைப்புக் கம்பிகளும். அதை அப்படியே வைக்க வேண்டுமானால் பாடியிலேயே பிராக்கெட் வெல்டிங் வைக்க வேண்டும்.

பிரேக் விஷயத்தை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பின்சக்கர வீல் சிலிண்டர் பெரியதாகிவிட்டால், முன்சக்கரம் பிடிப்பதற்கு முன் பின்சக்கரம் பூட்டிக்கொள்ளும். மழையில் நனைந்த சாலையில், நெல் காயும் சாலையில், வண்டி அரைவட்டம் அடித்து வாய்க்காலில் இறங்க அது போதும்.

சட்டமும் இருக்கிறது. தயாரிப்பாளர் கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றுவதை 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு கட்டுப்படுத்துகிறது. அதே மாடல் ஆக்ஸிலைப் போட்டால் அது ரிப்பேர். வேறு வண்டியின் ஆக்ஸிலைப் போட்டால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுக்கொண்டு செய்வதுதான் பாதுகாப்பு. இல்லையென்றால் விபத்து நடந்த அன்று இன்ஷூரன்ஸ் பிரச்சினையாகும். ஐம்பது வருஷம் தாண்டிய வண்டியை 2021-ல் வந்த விதிகளின்படி வின்டேஜ் வாகனமாகப் பதிய நினைப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். சேஸிஸிலோ பாடியிலோ எஞ்சினிலோ பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது என்பது அங்கே நிபந்தனை. அம்பாசடருக்குத் தனி சேஸிஸ் கிடையாது. பாடியில் வைக்கும் ஒவ்வொரு பிராக்கெட்டும் அந்த நிபந்தனையைத் தொடும்.

சரி, இந்த வழி யாருக்குத்தான்? ஏற்கெனவே வலுவான வேறு எஞ்சினை முறையாக அனுமதி வாங்கி ஏற்றியவருக்கு. பழைய ஆக்ஸில் அந்த இழுவைக்குத் தாங்காது என்ற நிலை அது. வேலையும் பிரேக் கணக்கு தெரிந்த பட்டறையில் நடக்க வேண்டும். மற்றவர்களுக்கு நான் இதைச் சிபாரிசு செய்ய மாட்டேன்.

## எந்த நிலைக்கு எது

பல் நல்லது, ஹவுசிங் நேர்: பிரித்துக் கட்டுங்கள், வேறு யோசனையே வேண்டாம். பல் போய் ஹவுசிங் நேராக இருந்தால் அதே விகிதத்தில் கேரியர் மட்டும். ஹவுசிங் வளைந்து பல் நன்றாக இருந்தால், வெறும் ஹவுசிங்கைத் தேடி உங்கள் கேரியரை அதில் மாற்றிக்கொள்ளுங்கள். பலரும் இதை யோசிக்காமல் முழு ஆக்ஸிலுக்குப் பணம் கொடுத்துவிடுகிறார்கள். இரண்டும் போய்விட்டால் முழு அம்பாசடர் ஆக்ஸில். செட்டிங் தெரிந்த ஆள் எங்கே தேடியும் கிடைக்கவில்லை என்றால், பல் நன்றாக இருந்தாலும் ஓடிக்கொண்டிருக்கும் வண்டியிலிருந்து கழற்றிய, சத்தமில்லாத கேரியரை வாங்குவது மேல்.

## எதைச் செய்தாலும்

ஜாக்கை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகாதீர்கள், இரண்டு பக்கமும் ஸ்டாண்டு வையுங்கள். ஹப் நட்டைத் திருகுவதற்கு முன் மரையைப் பாருங்கள். சில ஆக்ஸில்களில் ஒரு பக்கம் இடது மரை இருக்கும், தெரியாமல் பலம் போட்டால் குழாயின் மரை போய்விடும். பிரீதரைக் கழற்றி ஊதி, காற்று தாராளமாகப் போகிறதா என்று பாருங்கள். அதற்கு ஒரு ரப்பர் குழாயை மாட்டி, டிக்கி மட்டத்துக்கு மேலே கொண்டுபோய்க் கட்டிவிட்டால் மழைக்காலத்துக்கு நல்லது.

கியர் ஆயில், ஹைப்பாய்டு பல்லுக்கான இ.பி. 90. சாதாரண எஞ்சின் ஆயிலோ, மிச்சமிருக்கும் டிராக்டர் ஆயிலோ ஊற்ற வேண்டாம். லெவல் பிளக்கில் வழியும் வரை ஊற்றினால் போதும், அதற்கு மேல் ஊற்றினால் சீல் வழியாக ஷூவுக்குத்தான் போகும். கட்டிய பிறகு முதல் சில நூறு கிலோமீட்டர் மிதமான வேகத்தில் ஓட்டி, அந்த ஆயிலை வடித்துவிட்டுப் புதிது ஊற்றுங்கள். யு போல்ட்டுகளையும் அப்போதே ஒருமுறை முறுக்கிவிடுங்கள், புது வேலையில் அவை கட்டாயம் கொஞ்சம் தளரும்.

மழைக்காலத்தில் சக்கரத்தின் பாதிவரை தண்ணீரில் இறங்க நேர்ந்தால், மறுநாள் காலையில் வண்டியை அசைக்கும் முன் வடிகால் பிளக்கைக் கொஞ்சம் மட்டும் தளர்த்துங்கள். தண்ணீர் அடியில் இறங்கியிருக்கும் என்பதால் முதலில் அதுதான் சொட்டும். ஆயில் மட்டும் வந்தால் பிளக்கை இறுக்கிவிட்டு ஓட்டலாம். தண்ணீர் வந்தால் முழுவதையும் வடித்து மாற்றிவிட்டுத்தான் வண்டியை எடுக்க வேண்டும்.